தானாக எரிந்த பச்சைப் புள்ளி

"கம்ப்யூட்டர் ரிப்பேரா அக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணும் இல்ல. அது நல்லாத்தான் இருக்கு. கேள்விதான் ரொம்பக் கேக்குது" என்றார் பல்செட் அக்கா.

"என்ன கேள்வி?"

"தினமும் காலையில பாஸ்வேர்டு கேக்குது. என் வீடு, என் மேஜை, என் கம்ப்யூட்டர். என்னையே நீ யாருன்னு கேக்குது."

உள்ளே பிரிண்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருந்த எங்கள் முதலாளி தலையை நீட்டினார். "பாஸ்வேர்டு மறந்துபோச்சா அக்கா?"

"மறந்தா நானே சொல்ல மாட்டேனா? கை பூரா மாவு. பிளாஸ்டர் கலக்கின கையோட தட்டித் தட்டி எழுத்தெல்லாம் வெளுத்துப்போச்சு. கேக்காம திறக்க வைக்க முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்றேன் நான். "ஆனா பாஸ்வேர்டு கேக்கலேன்னா யார் வேணா திறந்திடலாம்."

"யார் வேணா வரட்டுமே. வந்தா நல்லதுதானே."

முதலாளி சிரித்தார். சிரிக்க வேண்டிய பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. பில் புத்தகத்தைத் திருப்பினேன்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் அக்கா, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "சுவிட்சையும் நான் போடக் கூடாது. காலையில ஆறு மணிக்கு அதுவா எழுந்திருக்கணும். அதுவா உள்ள போகணும். என் பையன்கூடப் பேசறேன் பாரு, அந்தப் பெட்டியையும் அதுவே திறந்து வைக்கணும்."

"செஞ்சிடலாம் அக்கா."

"நான் வீட்ல இல்லேன்னாலும்?"

"இல்லேன்னாலும்."

"தூங்கிட்டிருந்தாலும்?"

"தூங்கிட்டிருந்தாலும்."

"அப்ப நீங்க எதுக்குக்கா?" என்றார் முதலாளி உள்ளேயிருந்து.

"நானா? தூங்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார்.

அவர் சொன்னதில் பிளாஸ்டர் உண்மை. ஆனால் அவர் வந்தது அதற்காக இல்லை என்பதை அன்று மாலையே அவர் வீட்டில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா, மேலே பல்செட் அக்கா. வயதில் என் அம்மாவைவிடப் பெரியவர். தெருவே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அக்கா அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பார். மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, பிறகு மெழுகு இருந்த இடத்தில் ரோஜா நிறப் பொடியைக் கெட்டிப்படுத்தி, தேய்த்து, மெருகேற்றி, பல்செட்டாகத் திருப்பி அனுப்புவார். கணவர் இதே வேலைதான் ஒரு லேபில் பார்த்தார். பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர் இறந்துபோனார். அதே லேபில் அச்சு கழுவுவதற்கு அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். கழுவியவர் வார்க்கக் கற்றார், வார்த்தவர் பல் நிறுத்தக் கற்றார். பையன் வேலைக்குப் போன பிறகு லேபை விட்டுவிட்டு மோட்டாரையும் மேஜையையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

முன் அறைக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். சுவர் முழுக்கத் தட்டு. தட்டு முழுக்க வெள்ளைத் தாடைகள். சில மூடியிருந்தன, பல திறந்திருந்தன. ஒரு கூட்டமே பேச வாயெடுத்து அப்படியே நின்றுவிட்டதைப் போல இருந்தது.

"பயப்படாத, கடிக்க மாட்டாங்க" என்றார் அக்கா. "உள்ள வா."

கணினி, மெருகேற்றும் மோட்டாருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருந்தது. பழைய துண்டு ஒன்றால் மூடியிருந்தார். விசைப்பலகையில் நிஜமாகவே எழுத்துகள் வெளுத்திருந்தன. நான் வேலையை ஆரம்பித்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். திரையில் ஆங்கிலத்தில் வந்ததை எல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். படித்தது இரண்டு மொழியில் என்பதால் அது எனக்குப் பழக்கம்.

"இது என்ன சொல்லுது?"

"இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துறவங்க பேரும் பாஸ்வேர்டும் கட்டாயம் குடுக்கணும்னு சொல்லுது. பக்கத்துல ஒரு டிக் இருக்கு பாருங்க. அதை எடுத்துட்டா கேக்காது."

"இவ்வளவுதானா? ஒரு டிக்குதானா?"

"டிக்கை எடுத்ததும் கடைசியா ஒரு தடவை பாஸ்வேர்டு கேக்கும். சரியாப் போட்டோமான்னு பாக்க இன்னொரு தடவையும் கேக்கும். நீங்களே போட்டுடுங்க. அதுக்கப்புறம் நீங்கதான்னு அதுவா எடுத்துக்கும்."

அவர் விசைப்பலகையின் பக்கம் நகர்ந்தார். நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முகத்துக்கு நேரே ஒரு கீழ்த்தாடை. நம்பர் மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது. பின்னால் ஒரே விரலால் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் அதே சத்தம், அதே இடைவெளிகளோடு.

"திரும்பலாம்" என்றார். "நீ பாத்தாலும் பரவாயில்லதான். பேங்கா இது?"

கணினி காலையில் தானாக விழிக்கும் நேரத்தை வைத்தேன். பேசும் செயலி தானாகத் திறக்கும்படி செய்தேன். அணைத்துவிட்டு, சோதனைக்காக ஒரு நிமிடம் கழித்து எழச் சொன்னேன். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். அது எழுந்தது, ஒரு சத்தம் போட்டது, எதுவும் கேட்காமல் உள்ளே போனது. செயலி திறந்தது. அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் வட்டம் பச்சையானது.

"ஆச்சு" என்றார் அக்கா, மூச்சை விட்டு. "நான் வந்துட்டேன்."

அந்தப் பச்சைப் புள்ளிதான் விஷயம். அதற்குப் பிறகுதான் சொன்னார். பையன் இருக்கும் நாட்டில் நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு இரவு. கிளம்பும்போது அவனே கணினியை வைத்துக் கொடுத்து ஒரு ஏற்பாடும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அம்மா காலையில் எழுந்ததும் கணினியைத் திறக்க வேண்டும். அம்மாவின் பச்சை எரிவதைப் பார்த்துவிட்டு அவன் படுப்பான். எரியாவிட்டால் விழித்திருப்பான். கொஞ்ச நேரம் பொறுத்துக் கூப்பிடுவான். எடுக்காவிட்டால் கீழ் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவான்.

"போன மாசம் ஒரு நாள் அசந்து தூங்கிட்டேன். போனு சார்ஜ்ல முன் ரூம்ல. கண்ணு முழிச்சா கதவை உடைக்கிறாங்க. கீழ வீட்டம்மா. எழுந்து போய்த் திறந்தா, 'உங்க பையன் என்னை அலாரமா வெச்சிருக்கானா? இனிமே எனக்குப் போன் வந்துச்சு, நல்லா இருக்காது, சொல்லிட்டேன்'னு ஒரு பிடி பிடிச்சுட்டா. பின்னாடியே அவன் போனு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுவானாம். இந்த மோட்டாரையும் தாடையையும் விமானத்துல ஏத்துவானா? அங்க போய் அவன் வேலைக்குப் போனப்புறம் நான் சுவத்தைப் பாத்துட்டு உக்காரணும்."

"இங்கயும் சுவர்தானே அக்கா" என்று வாய்வரை வந்தது.

"அவன் கெட்ட பிள்ளை இல்ல" என்றார், நான் ஏதோ சொன்னதுபோல. "தூக்கத்தைக் கெடுத்துட்டு உக்காந்திருக்கான், பாவம். இனிமே ஆறு மணிக்கு டாண்ணு பச்சை. அவனும் தூங்கட்டும், நானும் தூங்கறேன்."

அதற்குப் பிறகு மவுஸ் மாற்ற, ஸ்பீக்கர் மாற்ற என்று அடிக்கடி போகவேண்டி வந்தது. ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இல்லை. ஒயரைச் செருகிவிட்டுக் கிளம்பினால், "இரு கம்ப்யூட்டர் பொண்ணு, இவரைப் பாத்துட்டுப் போ" என்று ஒரு தாடையை எடுத்து நீட்டுவார். "ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிற மனுஷன். பாரு, எப்படித் தேஞ்சிருக்கு. என்ன கவலையோ." இன்னொன்றை எடுப்பார். "இந்தம்மா ஒரு பக்கமாவே மெல்லுவாங்க. அந்தப் பக்கம் வலிச்சும் ரொம்ப நாள் டாக்டர்கிட்ட போகல." இவர்களில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. டாக்டர்களையே போனில்தான் தெரியும். டப்பா வரும், டப்பா போகும்.

ஒரு தடவை பஸ்ஸில் எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் பேரப்பிள்ளையோடு சிரித்துக்கொண்டு வந்தாராம். முன்பல் இரண்டும் துளி சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. பழைய பல் அப்படித்தான் இருந்ததாம், அப்படியே வேண்டும் என்று நோயாளி கேட்டதாக டாக்டர் சொல்லி அனுப்பியதால் அக்காவே மெனக்கெட்டுச் சாய்த்து வைத்த பல்.

"பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. என் பல்லு! எழுந்து போய்ச் சொல்லலாமான்னு பாத்தேன். என்னன்னு சொல்றது? உங்க வாயில இருக்கறது என்னோடதுன்னா அடிக்க வந்துட மாட்டாரா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "நல்லாத்தான் சிரிச்சுது. என்னைப் பாத்து இல்ல" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டார். அதன் இரைச்சலில் பேச முடியாது. போய்விட்டு வருகிறேன் என்று கையை மட்டும் காட்டிவிட்டு இறங்கினேன்.

எங்கள் கடையின் செயலியிலும் ஒரு பட்டியல் உண்டு. மை விற்பவர், உதிரி பாகம் விற்பவர், கூரியர் ஆபீஸ். இப்போது அதில் முதலாவதாக இருப்பது அக்காவின் பெயர். காலையில் இரும்புக் கதவைத் தூக்கியதும் மற்ற விளக்குகளைப் போடுவதற்கு முன்னால் நான் அதைத்தான் பார்க்கிறேன். அப்போதெல்லாம் அந்த வழக்கம் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் டெலிவரி அண்ணன் கடைக்கு வந்தார். அக்காவிடம் டப்பா கொண்டுவருவதும் எடுத்துப்போவதும் அவர்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

"நீங்கதானே அவங்க கம்ப்யூட்டரைப் பாக்கறது? ஒரு மெசேஜ் தட்டி விடுங்க. கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்குது. டாக்டர் அங்க ஒரு ஆளை வாயைத் திறக்க வெச்சு உக்கார வெச்சிருக்கார், பல்லு வரலேன்னா என் பல்லைப் பிடுங்கி வெச்சுடுவார்."

"வெளிய போயிருப்பாங்களோ?" என்றார் முதலாளி.

"இல்ல சார், உள்ளதான் இருக்காங்க. ஜன்னல் வழியாப் பாத்தேனே, கம்ப்யூட்டர் ஓடுது. ஆன்லைன்ல இருக்காங்க. பச்சையாத் தெரியுது. குளிக்கப் போயிருப்பாங்களோ என்னவோ."

முதலாளியும் தலையாட்டினார். கணினி ஓடுகிறது, பச்சை எரிகிறது, ஆள் இருக்கிறார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது தானாக எழுந்து தானாக உள்ளே போகிறது என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டும் உறைத்தது. கையிலிருந்த திருப்புளியைக்கூட வைக்காமல் நான் எதிர்ச் சந்துக்குள் ஓடினேன். "மெசேஜ் போடச் சொன்னா ஓடறாங்களே" என்று பின்னால் கேட்டது. பிறகு அவரும் ஓடி வந்தார்.

கீழ் வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மேலே கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. டெலிவரி அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னல் கம்பி வழியாகத் தோள்வரை கையை விட்டார். பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளைத் துழாவினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். திறந்தது.

அக்கா உள் அறையில், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. டெலிவரி அண்ணன் பதறிப்போய், "அம்மா! அம்மா! என்னாச்சு?" என்று சத்தம் போட்டார்.

அக்கா கையை லேசாகத் தூக்கினார். "மெதுவாப் பேசுப்பா" என்றார். "அவன் தூங்கறான்."

யார் தூங்குகிறார்கள் என்று டெலிவரி அண்ணன் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காதுக்குள்ளே ஏதோ கோளாறு, அதனால் வந்த தலைசுற்றல் என்றார் அங்கிருந்த டாக்டர். உயிருக்கு ஆபத்து இல்லை, மாத்திரை போட்டால் கட்டுப்படும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் தானாகவே பேசினார்.

"விடியறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்க எழுந்தேன். தலையைத் தூக்கினா வீடே ராட்டினம். அப்படியே தரையில சாஞ்சுட்டேன். நகர்ந்தா வாந்தி. போனு முன் ரூம்ல. சரி, பொழுது விடியட்டும், பச்சை எரியலேன்னா அவன் யாரையாவது அனுப்புவான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன் பாரு. நெனச்சு முடிக்கல, அந்தச் சத்தம். எழுந்துடுச்சு."

"கம்ப்யூட்டரா?"

"வேற யாரு? டாண்ணு ஆறு மணிக்கு. கொஞ்ச நேரத்துல டிங்குனு ஒண்ணு. அவன்தான். 'பாத்துட்டேன், தூங்கப் போறேன்மா'ன்னு போட்டிருப்பான். தினமும் அதான் போடுவான். நான் இங்க தரையில கிடக்கேன். முன் ரூம்ல இன்னொருத்தி பச்சையா உக்காந்து அவனைத் தூங்க வைக்கிறா. கூப்பிட்டுப் பாத்தேன். எனக்கே என் குரல் கேக்கல. தட்டுல அத்தனை பேர் வாயைத் திறந்து வெச்சிருக்காங்க, ஒருத்தராவது ஒரு சத்தம் குடுக்கட்டுமேன்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினேன்.

பையன் அன்று எழுந்து பார்த்தபோது அம்மா வழக்கம்போலப் பேசினார். எதுவும் சொல்லவில்லை. சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது கணினியின் மேல் இருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பழையபடியே வெச்சுடு" என்றார். "அதுவா எழுந்திருக்க வேணாம். சுவிட்சை நானே போட்டுக்கறேன். பாஸ்வேர்டும் கேக்கட்டும்."

"கையில மாவு ஒட்டுமே அக்கா."

"கழுவிட்டுத் தட்டறேன். கேக்கட்டும். நான் எழுந்து, நடந்து வந்து, நான்தான்னு சொன்னாத்தான் அது திறக்கணும்."

எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டேன். விழிக்கும் நேரத்தை அழித்தேன். அணைத்துத் திரும்பப் போட்டபோது வெற்றுக் கட்டம் வந்து கேட்டது. நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் அதே ஒற்றை விரல் சத்தம். தட்டில் அந்தப் பழைய கீழ்த்தாடை போய்விட்டிருந்தது. வேறொன்று வந்திருந்தது.

"அவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் அக்கா முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன்.

"எல்லாத்தையும். தானா எரிய வெச்சது, விழுந்தது, எல்லாம். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அவன் புள்ளி பச்சையாத்தான் இருந்துச்சு. திட்டுவான்னு காத்திட்டிருந்தேன், திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். 'பக்கத்துல உனக்குன்னு யாராவது இருக்காங்களாம்மா? ஒரே ஒரு பேர் சொல்லு. எரியலேன்னா நான் கூப்பிட, அவங்க வந்து பாக்க, ஒரு ஆள். இருந்தா நீ அங்கயே இரு, நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா கிளம்பு'ன்னான்."

"என்ன சொன்னீங்க?"

"நாளைக்குச் சொல்றேன்னேன்." அவர் ரோஜாப் பொடி படிந்த மேஜையை விரலால் வழித்தார். "ராத்திரி பூரா யோசிச்சேன். கீழ வீட்டம்மாவுக்கு இனிமே போன் போனா அவ என்னையே காலி பண்ணச் சொல்லிடுவா. டாக்டருங்களை நேர்ல பாத்தா எனக்கே அடையாளம் தெரியாது. டெலிவரிக்காரன் நல்லவன், ஆனா காலையில எந்த மூலையில சுத்தறானோ. இந்த ரூம்ல இத்தனை பேர் இருக்காங்க, எல்லாருக்கும் நம்பர்தான் இருக்கு."

நான் ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"நீ ஒண்ணும் பெருசா செய்ய வேணாம்" என்றார் அக்கா. "காலையில கடையைத் திறக்கறே இல்ல, அப்ப ஒரு தடவை பாரு. பச்சை இருந்துச்சுன்னா உன் வேலையைப் பாரு. இல்லேன்னா வந்து கதவைத் தட்டு. போன் பண்ணாத, வந்து தட்டு. அவ்வளவுதான்." விரலில் ஒட்டிய பொடியைத் துடைத்தார். "இத்தனை நாளா கம்ப்யூட்டர் பொண்ணு, கம்ப்யூட்டர் பொண்ணுன்னே கூப்பிட்டிருக்கேன் பாரு. உன் பேர் என்னம்மா? அவன்கிட்ட அந்தப் பேரைச் சொல்லிக்கட்டுமா?"